ஹெக்சேனின் மாற்றியங்களை விடுபடாமல், இரட்டிப்பு இல்லாமல் எழுதுவது எப்படி?

ஹெக்சேனுக்கு மாற்றியங்கள் (அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில், ஆனால் வேறு விதமாக இணைந்த மூலக்கூறுகள்) வரையச் சொன்னால் ஏழெட்டு வரைந்து வைத்துவிட்டு, அதில் எதை அடிப்பது என்று தெரியாமல் முழிப்பவர்கள் நிறைய. சரியான விடை ஐந்துதான். மிச்சமெல்லாம் ஒரே மூலக்கூறை வளைத்தும் திருப்பியும் போட்டது.

ஹெக்சேன் ஓர் ஆல்கேன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தது; அதில் இருப்பது ஒற்றைப் பிணைப்பு மட்டுமே. கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் எண்ணிக்கை வந்துவிடும், ஆக ஆறு கார்பனுக்கு 14. ஒவ்வொரு கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளைப் பார்த்து நிற்கின்றன, கோணம் சுமார் 109.5 டிகிரி. அதனால் நாம் 'நேர் சங்கிலி' என்று சொல்வதுகூட உண்மையில் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஒற்றைப் பிணைப்பு சுழலவும் செய்யும் என்பதால் தாளில் எந்தத் திசையில் மடக்கி வரைந்தாலும் மூலக்கூறு மாறாது. எது எதோடு இணைந்திருக்கிறது, அது மட்டும்தான் கணக்கு.

வரையும்போது ஹைட்ரஜனை மறந்துவிட்டுக் கார்பன்களை மட்டும் போடுங்கள். முதலில் ஆறையும் ஒரே சங்கிலியாக: ஹெக்சேன். அப்புறம் ஒன்றைக் கழற்றி, ஐந்து கார்பன் சங்கிலியில் ஒரு மெத்திலாக (ஒரு கார்பன் கிளை) மாட்டுங்கள். ஓரத்தில் மாட்டக் கூடாது, மாட்டினால் சங்கிலி நீண்டு மறுபடி ஹெக்சேனே வரும். இரண்டாவது கார்பனில் வைத்தால் 2-மெத்தில்பென்டேன், நடுவில் வைத்தால் 3-மெத்தில்பென்டேன். நான்காவதில் வைத்தால்? அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், அதுவும் இரண்டாவதுதான். 4-மெத்தில்பென்டேன் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்றையும் கழற்றினால் சங்கிலியில் நான்கு, கையில் இரண்டு மெத்தில். இரண்டும் ஒரே கார்பனில் என்றால் 2,2-டைமெத்தில்பியூட்டேன், பக்கத்துப் பக்கத்தில் என்றால் 2,3-டைமெத்தில்பியூட்டேன். இங்கேதான் பலரும் வழுக்குவது: கழற்றிய இரண்டையும் சேர்த்து ஒரே எத்திலாக (இரண்டு கார்பன் கிளை) மாட்டி '2-எத்தில்பியூட்டேன்' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் படத்தில் எத்திலின் நுனியில் விரலை வைத்து, கிளை சேரும் கார்பன் வழியாகச் சங்கிலியின் நீளமான பக்கத்துக்கு நகர்த்துங்கள். ஐந்து கார்பன் வரும், ஒரு மெத்தில் நடுவில் நிற்கும். ஏற்கெனவே எழுதிய 3-மெத்தில்பென்டேன்தான் அது! படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை அடித்துவிடலாம். சங்கிலியில் மூன்று கார்பன் வைத்து முயன்றால் நடுக்கார்பனில் இரண்டு மெத்திலுக்கு மேல் இடமில்லை, ஆக இத்தோடு முடிந்தது.

வரைந்த ஐந்தையும் வைத்தே கொதிநிலை வரிசையையும் சொல்லிவிடலாம். ஆல்கேன் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருப்பது வலுவில்லாத வாண்டர்வால்ஸ் விசைதான், அது தொடும் பரப்பைப் பொறுத்தது. முருங்கைக்காய்களைக் கட்டாக வைத்தால் நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளும், நெல்லிக்காய்களோ அங்கங்கே ஒரு புள்ளியில்தான் தொடும். கிளை கூடக்கூட மூலக்கூறு உருண்டு நெல்லிக்காய் பக்கம் போகிறது. ஹெக்சேன் 69 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, 3-மெத்தில்பென்டேன் 63, 2-மெத்தில்பென்டேன் 60, 2,3-டைமெத்தில்பியூட்டேன் 58, 2,2-டைமெத்தில்பியூட்டேன் 50. கிளைகளின் எண்ணிக்கை சமமாக இருக்கும் இரண்டில் எது முந்தும் என்பதை மட்டும் இந்த விதியை நம்பிச் சொல்ல முடியாது, அதைப் பார்த்து வைத்துக்கொள்வதே நல்லது.

உருகுநிலைக்கு இதே விதியைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பென்டேன் உருகுவது மைனஸ் 130 டிகிரியில், ஆனால் அதன் மாற்றியமான, நன்றாக உருண்டிருக்கும் 2,2-டைமெத்தில்புரோப்பேன் மைனஸ் 17 டிகிரி வரை திண்மமாகவே இருக்கும். படிகத்தில் அடுக்குவதற்குச் சமச்சீர் வடிவம் தோது, அதனால்தான்.

கை பழக ஹெப்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி இறங்கி வந்தால் ஏழு கார்பன் சங்கிலியில் ஒன்று, ஆறில் இரண்டு, ஐந்தில் ஐந்து, நான்கில் ஒன்று என மொத்தம் ஒன்பது. எட்டில் நின்றுவிட்டால் 3-எத்தில்பென்டேன் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த முறை எத்தில் செல்லும்.