நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் செய்யக் கூடாத தவறுகள்: பிழை படத்தில் நோயாகத் தெரியும்

எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளி அசைந்துவிட்டால் படம் கலங்கிப்போகும், பார்த்ததுமே தெரியும், இன்னொரு தடவை எடுத்துவிடலாம். கதிரியக்க மருந்தை உடம்பில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படம் எடுக்கும் நம் துறையில் அப்படி இல்லை. இங்கே டெக்னாலஜிஸ்ட் செய்யும் பிழை பல நேரம் நோய் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு படத்தில் வந்து உட்காரும். என்ன படிக்க வேண்டும், என்னென்ன வேலை இருக்கும் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு, ஒரு சீனியராக நான் பார்த்த தவறுகளையும் நானே செய்த ஒன்றிரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

படிப்பில் நடக்கும் தவறை முதலில் முடித்துவிடுவோம். "ரேடியாலஜி டிப்ளமோ இருக்கு, சி.டி. ஓட்டத் தெரியும், அப்புறம் பெட் சி.டி. ஓட்டுறதுல என்ன கஷ்டம்?" என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. (கதிரியக்க மருந்து சேர்ந்த இடங்களைச் சி.டி. படத்தோடு சேர்த்துக் காட்டுவதுதான் பெட் சி.டி.) மெஷின் ஓட்டுவது இந்த வேலையில் ஒரு பகுதிதான். கதிரியக்க மருந்தைத் தயாரித்து, அளந்து, ஊசி போட்டு, மிச்சத்தைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது வரை நம் பொறுப்பு. அதற்கு அறிவியல் பட்டத்துக்கு மேல் நியூக்ளியர் மெடிசின் டிப்ளமோ, அல்லது இதே துறையில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று முறையாகப் படித்திருக்க வேண்டும். மும்பையில் 1963-இல் தொடங்கிய ரேடியேஷன் மெடிசின் சென்டர், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. அங்கே தரும் டி.எம்.ஆர்.ஐ.டி. என்கிற மருத்துவக் கதிரியக்க ஐசோடோப் நுட்ப டிப்ளமோவுக்கு நல்ல மதிப்பு உண்டு. வேறு எங்கே சேர்ந்தாலும், அந்தப் படிப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி. ஏற்கும் தகுதிதானா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு ஃபீஸ் கட்டுங்கள். ஆர்.எஸ்.ஓ. என்கிற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தகுதி தனி, அதற்குப் பயிற்சியும் தேர்வும் தனி. அமெரிக்கா போக ஆசைப்படுகிறவர்கள் அங்கே அடிப்படைச் சான்றிதழுக்கு மேல் பெட், நியூக்ளியர் கார்டியாலஜி என்று தனித்தனித் தேர்வுகள் இருப்பதையும், அட்வான்ஸ்டு அசோசியேட் என்கிற மேல்நிலைக்கு முதுகலைப் பட்டம் கேட்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பெட் ஸ்கேனுக்கு வருகிறவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. "இல்லைங்க, வெறும் வயிறுதான்" என்பார், காலையில் சர்க்கரை போட்ட காபியும் ரெண்டு பிஸ்கட்டும் உள்ளே போயிருக்கும். "எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போச்சு, மாத்திரை போட்டீங்களா, இன்சுலின் எப்போ போட்டீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெட் ஸ்கேனுக்குப் போடும் எஃப்.டி.ஜி. மருந்து சர்க்கரை மாதிரியான பொருள். சாப்பிட்டதாலோ இன்சுலினாலோ அது தசைக்குள் போய்விட்டால் உடம்பு முழுக்கத் தசை ஒளிரும், கட்டி மங்கிப்போகும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கச் சொல்வதும் சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. அந்த நேரத்தில் ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தால் குரல்வளைத் தசை ஒளிரும், அறை குளிராக இருந்தால் கழுத்தில் உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். ஒரு போர்வை கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஊசி போடும் இடத்தில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அதே பக்க அக்குள் நிணநீர்க் கணு ஒளிரக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த பெண்ணுக்கு, நோய் இருக்கும் பக்கத்துக் கையிலேயே போட்டு அது கசிந்தும் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், நோய் பரவிவிட்டதா என்ற கேள்வி வந்துவிடும். எதிர்ப்பக்கக் கையில் போடுங்கள். கசிந்தது தெரிந்தால் எந்தக் கை, எந்த இடம் என்று எழுதி வையுங்கள், மறைக்காதீர்கள். நுரையீரல் ஸ்கேனுக்கு எம்.ஏ.ஏ. என்கிற புரதத் துகள் மருந்து போடும்போது மட்டும் ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே ரத்தம் சேர்ந்தால் துகள்களோடு கட்டியாகி, நுரையீரலில் பெரிய பெரிய புள்ளிகளாக வந்து நிற்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் எலும்பு ஸ்கேனுக்கு ஒரு வயதான அம்மா வந்தார். தொடை எலும்பின் மேல் பளிச்சென்று ஒரு புள்ளி. எனக்கே நெஞ்சு படபடத்தது. பிறகுதான் அவர் இப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்தார் என்பது நினைவுக்கு வந்தது. புடவையை மாற்றச் சொல்லி, அந்த இடத்தைக் கழுவி, மறுபடி படம் எடுத்தோம். புள்ளி இல்லை. ஊசி போட்ட மருந்து சிறுநீரில் வெளியேறும், புடவையில் பட்ட அந்த ஒரு சொட்டுதான் அது. சந்தேகமான புள்ளி தெரிந்தால் நோயாளியை மேஜையிலிருந்து இறக்குவதற்கு முன்பே பக்கவாட்டுப் படமோ மறுபடமோ எடுங்கள். வீட்டுக்குப் போனவரைத் திரும்ப வரவழைப்பது அவருக்கும் அலைச்சல், பயம் வேறு.

கணக்கில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. எஃப்.டி.ஜி.-யில் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 110 நிமிடம். 9 மணிக்கு 10 மில்லிகியூரி கதிரியக்கம் அளந்து வைத்த சிரிஞ்சில் 10:50-க்கு 5-தான் இருக்கும். அளந்த நேரம், ஊசி போட்ட நேரம், சிரிஞ்சில் மிச்சம் நின்ற அளவு மூன்றையும் குறிக்காமல் விட்டால், கட்டி எவ்வளவு மருந்தை உறிஞ்சியது என்று காட்டும் எஸ்.யு.வி. எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சுவர்க் கடிகாரமும் ஸ்கேனர் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பாருங்கள். எடையைப் பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். கீமோவில் 62 கிலோவிலிருந்து 54-க்கு இறங்கியவருக்கு 62 என்றே போட்டால் எஸ்.யு.வி. கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடிவிடும், சிகிச்சை கேட்கவில்லையோ என்று டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பார். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிப்ரேட்டரில் டெக்னீஷியம் பட்டனை அழுத்தி வைத்துக்கொண்டு அயோடினை அளப்பதும் நடக்கிறது, எண் தப்பாக வரும். மாலிப்டினத்திலிருந்து டெக்னீஷியம் உண்டாகும் பெட்டிதான் ஜெனரேட்டர். அதிலிருந்து டெக்னீஷியத்தை வடித்தெடுத்ததும் (எல்யூட்), மாலிப்டினமும் கூடவே கசிந்திருக்கிறதா என்று சோதிக்காமல் மருந்து கிட்டில் சேர்க்காதீர்கள். ஒரு மில்லிகியூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம்தான் வரம்பு.

பெயரைக் கூப்பிட்டுத் தலையாட்டியவருக்கு ஊசி போடுவது கூடவே கூடாது. "லட்சுமி" என்று கூப்பிட்டால் ரெண்டு பேர் எழுந்திருப்பார்கள், காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். பெயரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், ஐ.டி. நம்பரைப் பாருங்கள். அதே மாதிரி, கர்ப்பமா என்று ஒரு பெண்ணிடம் மாமியார் முன்னால் கேட்டால் சரியான பதில் வராது. தனியாக அழைத்து, கடைசி மாதவிடாய் தேதியைக் கேளுங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். எக்ஸ்ரே அறை லெட் ஏப்ரனை மாட்டிக்கொண்டு பெட் அறையில் தைரியமாக நிற்கிறார்கள். பெட் மருந்திலிருந்து வரும் 511 கே.இ.வி. ஆற்றலுள்ள கதிரை அது தடுப்பது ரொம்பச் சொற்பம். டங்ஸ்டன் சிரிஞ்சு ஷீல்டு, தூரம், வேகம் இவைதான் உதவும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர்வீச்சு கால்வாசியாகும். நம் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். நம் நாட்டில் வரம்பு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் லாக்கரில் இருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, ஸ்கேன் முடிந்து நோயாளியின் மகன் கதவருகே நின்று "ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்பார். படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் நமக்கும் கொஞ்சம் புரியும், சொல்லிவிடலாம் என்று வாய் வரும். சொல்லாதீர்கள். "படம் நல்லபடியா வந்திருக்கு, டாக்டர் பார்த்துட்டு ரிப்போர்ட்ல எழுதுவார்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள், ரிப்போர்ட்டை எங்கே, எத்தனை மணிக்கு வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.