அமெரிக்க விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் சீல்: விண்ணப்பம் முதல் திருப்பிக் கொடுப்பது வரை

அமெரிக்க விமான நிலையத்தின் சர்வதேச வருகைப் பகுதியில் தனியாக நடமாட இரண்டு அனுமதிகள் வேண்டும். பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, பேட்ஜ் கிடைத்த மறுநாளே உள்ளே போகலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் அனுமதி, விமான நிலைய நிர்வாகம் தரும் எஸ்ஐடிஏ பேட்ஜ், அதாவது பாதுகாப்புப் பகுதிக்குள் போவதற்கான அடையாள அட்டை. அதற்கான பாதுகாப்பு விதிகள் கூட்டாட்சிப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ வகுத்தவை. இரண்டாவது, சுங்கத்துறையான சிபிபி அந்தப் பேட்ஜில் பதித்துத் தரும் சீல். அதற்கு விண்ணப்பம் தனி, பரிசீலனை தனி, முடிவு எடுப்பவரும் வேறு. பேட்ஜ் கிடைத்த ஒருவருக்குச் சீல் மறுக்கப்படுவது நடக்கக்கூடியதுதான்.

சீல் தொடர்பான விதிகள் அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 19ஆம் தலைப்பு, பகுதி 122இல், 122.181 முதல் 122.189 வரையான பிரிவுகளில் இருக்கின்றன. பாஸ்போர்ட் பார்க்கும் கூடம், பெட்டிகள் வரும் பெல்ட், சுங்கச் சோதனை மேசைகள், வெளிநாட்டு விமானத்திலிருந்து பயணிகள் இறங்கும் இடம், அதை ஒட்டி விமானங்கள் நிற்கும் தளமான ராம்ப் ஆகியவை 'சுங்கப் பாதுகாப்புப் பகுதி'க்குள் வரும். அந்த நிலையத்தின் சுங்கத் தலைவரான போர்ட் டைரக்டர் வேறு இடங்களையும் இதில் சேர்க்கலாம். கூட்டாட்சிச் சட்ட அமலாக்க அதிகாரிகள், சீருடையில் உள்ள மாநில, உள்ளூர்க் காவலர்கள், பயணிகள், விமானப் பணிக்குழு ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. வீல்சேர் தள்ளுபவர், பெட்டி இறக்குபவர், கேபின் சுத்தம் செய்பவர், ஏர்லைன் கவுன்ட்டர் ஊழியர், ஏசி பழுது பார்க்க வரும் ஒப்பந்தக்காரர் என்று மற்ற எல்லோருக்கும் சீல் தேவை. இரண்டு வார வேலையாக இருந்தாலும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

நிறுவனம் செய்ய வேண்டியவை

ஊழியர் தானாகப் போய் வாங்கிவரக்கூடிய அனுமதி இல்லை இது. வேலை தரும் நிறுவனம் மூன்று விஷயங்களைத் தயார் செய்ய வேண்டும்.

முதலாவது, கோரிக்கைக் கடிதம். இந்த நபருக்கு உள்ளே என்ன வேலை, ஏன் தனியாகப் போக வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். இதை அலட்சியமாக எழுதும் நிறுவனங்களே அதிகம். "பணி நிமித்தம் அனுமதி தேவை" என்ற ஒற்றை வரி போதாது. "சர்வதேச வருகையில் சக்கர நாற்காலி தேவைப்படும் பயணிகளை விமான வாசலிலிருந்து பாஸ்போர்ட் கூடம், பெட்டி பெல்ட் வழியாக வெளிவாசல் வரை அழைத்துச் செல்வது" என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். சீலைப் பயன்படுத்தும் உரிமை இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும் வேலையோடு நின்றுவிடுகிறது. கடிதத்தில் இல்லாத வேலைக்காக ஊழியர் உள்ளே இருந்தால், மேலாளரே அனுப்பியிருந்தாலும், சிக்கல் ஊழியருக்குத்தான். அதனால் கையெழுத்தாகும் முன் கடிதத்தை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சுங்கப் பிணைப்பத்திரம், பேச்சுவழக்கில் பாண்ட். விதி மீறினால் இழப்பீடு தருவதாக நிறுவனம் கொடுக்கும் உறுதி இது. இது சுங்கத்துறையின் 301ஆம் படிவத்தில் வரும். இறக்குமதியாளர் அல்லது சுங்கத் தரகர், சுங்கப் பிணையில் உள்ள சரக்கின் காப்பாளர், சர்வதேச விமான நிறுவனம் என்ற வகையில் ஏற்கெனவே பாண்ட் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதுவே போதும். துப்புரவு ஒப்பந்தக்காரர், பராமரிப்பு நிறுவனம் போன்றவற்றுக்கு அப்படி ஒன்று இருக்காது. அவை விமான நிலையச் சுங்கப் பாதுகாப்புப் பகுதிக்கென்றே உள்ள தனி பாண்டை எடுக்க வேண்டும். புதிதாக ஒப்பந்தம் பிடித்த சிறு நிறுவனங்கள் ஆள் எடுத்துப் பயிற்சியும் கொடுத்த பிறகுதான் பாண்டைத் தேடுகின்றன. அதற்குள் விண்ணப்பங்கள் எல்லாம் தேங்கிவிடுகின்றன. ஆள் தேர்வுக்கு முன்பே பாண்டை முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பின்னணிச் சரிபார்ப்பு. விண்ணப்பதாரர் சொன்ன கடந்த 5 ஆண்டு வேலை விவரங்களையும் பரிந்துரையாளர்களையும் நிறுவனம் சரிபார்த்து, பொறுப்பான ஒருவர் எழுத்தில் உறுதி கூற வேண்டும். யாரிடம், எந்தத் தேதியில், எந்த எண்ணில் பேசினோம் என்ற குறிப்போடு கோப்பில் வையுங்கள். ஊழியர் விலகிய பிறகும் 1 ஆண்டு அதைப் பாதுகாக்க வேண்டும். போர்ட் டைரக்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

படிவம் 3078: பெயர்தான் முதல் கண்டம்

விண்ணப்பம் சிபிபி 3078 என்ற படிவத்தில். காகிதத்துக்குப் பதிலாக பேட்ஜ் அலுவலகக் கணினி வழியாகவே விவரங்களை அனுப்பும் நிலையங்களும் உண்டு. எப்படி அனுப்பினாலும் கேள்விகளின் நோக்கம் ஒன்றுதான்: நீங்கள் யார், எங்கே வசித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், எப்போதாவது கைதானீர்களா.

தமிழர்களின் விண்ணப்பம் குற்றப் பதிவால் நிற்பதைவிடப் பெயரால் நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். நம் பெயர்முறையில் குடும்பப்பெயர் இல்லை, அமெரிக்கப் படிவத்திலோ அது இல்லாமல் நகர முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: பள்ளிச் சான்றிதழில் 'எம். செல்வகுமார்'. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, முன்பெயராகச் 'செல்வகுமார்' மட்டும். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா அடிக்கும்போது 'செல்வகுமார்' குடும்பப்பெயராகிவிடும். முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முன்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயரைச் சேர்த்து 'செல்வகுமார் முருகேசன்' ஆகிறது. ஒரே ஆள்தான், ஆனால் தரவுத்தளத்துக்கு மூன்று பேர். இலங்கைத் தமிழர் பலருக்கும் இதே தொல்லை வரும். அங்கே அப்பா பெயர் முன்னால் வருவதால், எது யாருடைய பெயர் என்பதே தலைகீழாகப் பதிவாகிவிடுகிறது.

இதற்கான வழி இதுதான். உங்கள் குடிநிலையையும் வேலை உரிமையையும் காட்டும் ஆவணத்தை, அதாவது அமெரிக்கப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை இவற்றில் உங்களிடம் இருப்பதை, அடிப்படையாக வையுங்கள். அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பேட்ஜ் விண்ணப்பத்திலும் 3078இலும் எழுதுங்கள். எஃப்என்யூ என்று இருந்தால் அதையும் விடாதீர்கள். மற்ற ஆவணங்களில் உள்ள வடிவங்கள், திருமணத்துக்கு முந்தைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் 'வேறு பெயர்கள்' கட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பினால் சந்தேகம் வரும் என்று பயந்து பலர் காலியாக விடுகிறார்கள். உண்மையில் சந்தேகம் வருவது, காலியாக விட்ட பெயர் வேறொரு பதிவில் தலைகாட்டும்போதுதான். நேரமிருந்தால் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் முதலில் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

பிறந்த தேதியில் அமெரிக்க முறை மாதம் முதலில். நவம்பர் 7ஆம் தேதி 11/07 என்று வரும். பன்னிரண்டாம் தேதிக்குப் பின் பிறந்தவர் மாற்றி எழுதினால் கணினியே தடுத்துவிடும். 12க்குள் பிறந்தவர் மாற்றி எழுதினால் அது செல்லுபடியான தேதியாகப் போய்ச் சேர்ந்து, பிறகு எங்கும் பொருந்தாமல் நிற்கும்.

கிரீன் கார்டு வைத்திருப்போர் எழுத வேண்டியது முன்பக்கத்தில் யூஎஸ்சிஐஎஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள 9 இலக்க எண். பின்பக்கத்தில் 3 எழுத்தும் 10 இலக்கமுமாக இருப்பது வேறு எண். பழைய எண் 8 இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு சுழியம் சேருங்கள். குடியுரிமை பெற்றவர்கள் அதற்கான சான்றிதழையும் கையில் கொண்டுபோவது நல்லது.

முகவரி, வேலை வரலாறு இரண்டிலும் இடைவெளி விடாதீர்கள். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் 'வேலையில்லை' என்று தேதிகளோடு எழுதுங்கள். ஊருக்குப் போய் ஆறு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முகவரியையும் எழுதுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ பார்த்த வேலை 5 ஆண்டுக்குள் வருகிறது என்றால் அதையும் நிறுவனம் சரிபார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது அங்கே அலுவலகம் மூடியிருக்கும், தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, மனிதவளப் பிரிவின் மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

கைரேகை

மின்னணு முறையிலோ எஃப்டி-258 என்ற அட்டையிலோ கைரேகை எடுப்பார்கள். சமையலறை வேலை, சிமென்ட் வேலை, துப்புரவு ரசாயனம் புழங்கும் வேலை பார்த்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குக் கிரீம் தடவி, வேலையில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எடுக்கும் அன்று கிரீம் வேண்டாம், கை வழுக்கும். மருதாணியும் வேண்டாம். தரம் போதாமல் இரண்டு முறை திரும்பிவந்தால், பெயரைக் கொண்டு பதிவுகளைத் தேடும்படி எஃப்பிஐயிடம் கேட்க வழியுண்டு. அது தானாக நடக்காது, பேட்ஜ் அலுவலகத்திடம் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். இந்த இடத்திலும் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் பயன்.

எவை தடையாகும்?

டிஎஸ்ஏ பேட்ஜுக்கு, பட்டியலிட்ட குற்றங்களில் கடந்த 10 ஆண்டுக்குள் தண்டனை இருக்கக்கூடாது. சுங்கச் சீலுக்கு 5 ஆண்டு. ஆனால் குற்றத்தின் தன்மையைப் பார்த்துப் போர்ட் டைரக்டர் அதற்கும் பின்னால் போகலாம். திருட்டு, மோசடி, லஞ்சம், திருட்டுப் பொருள் வைத்திருத்தல், போதைப்பொருள் கடத்தல் போன்றவை இதில் வரும். சீலைப் பொறுத்தவரை தண்டனை மட்டும் கணக்கில்லை. இத்தகைய குற்றத்துக்காகக் கைதாகி வழக்கு நிலுவையில் இருப்பதும், போதிய ஆதாரமுள்ள விசாரணை நடப்பதும்கூட மறுக்கக் காரணமாகலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்திருந்தாலும் அது கணக்கில் வரும். "தள்ளுபடி ஆகிவிட்டது" என்று வழக்கறிஞர் அன்று சொன்னதை நம்பி 'இல்லை' என்று டிக் செய்வதற்கு முன், தீர்ப்பு நகலைப் பாருங்கள்.

கடையில் நடந்த சின்னத் திருட்டு வழக்கு ஒன்று பத்து வருடத்துக்கு முன் முடிந்திருக்கலாம். கைது எஃப்பிஐ பதிவில் இருக்கும், முடிவு பதிவேறாமலே கிடக்கும். அப்படியானால் அந்த நீதிமன்ற எழுத்தரிடம் சான்றளித்த முடிவு நகல் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். பதிவே தவறு என்றால், பேட்ஜ் விஷயத்தில் அதைத் திருத்தப்போவதாக 30 நாளுக்குள் விமான நிலையத்திடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய வழக்கு எதுவானாலும் மறைப்பதுதான் பெரிய ஆபத்து. மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கிய சீலை, அந்தக் காரணத்துக்காகவே பறிக்க முடியும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது அவசியம். இங்கே கையெழுத்திட்டுச் சொன்ன பதில் பிறகு குடியுரிமை விண்ணப்பத்தோடு ஒப்பிடப்படலாம்.

மறுத்தால் எழுத்தில் அறிவிப்பு வரும். கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாட்காட்டி நாட்களுக்குள் எழுத்தில் முறையீடு செய்ய வேண்டும். சனி, ஞாயிறும் இதில் அடங்கும். அதனால் அறிவிப்பு வந்த அன்றே உறையோடு தேதி குறித்து வையுங்கள். நீண்ட விளக்கத்தைவிட நீதிமன்ற நகல், திருத்திய ஆவணம், நிறுவனத்தின் கடிதம் இவை பேசும்.

கிடைத்த பிறகு

சுங்கப் பகுதியில் இருக்கும் நேரமெல்லாம் சீல் உள்ள பேட்ஜ் வெளியே தெரிய வேண்டும், அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. வேலை தவிர வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது. நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அப்பா அம்மா ஊரிலிருந்து முதல் முறை வருகிறார்கள், ஆங்கிலம் தெரியாது, விமான வாசலிலேயே போய் அழைத்து வரலாம் என்று மனம் இழுக்கும். போகாதீர்கள். பணி நேரத்தில்கூட, உங்களுக்கு ஒதுக்காத பயணியிடம் போவது தவறு. ஏர்லைனிடம் முன்பே வீல்சேர் கேட்டுப் பதிவு செய்தால் வேறு ஊழியர் அழைத்து வருவார், நீங்கள் வெளிவாசலில் நில்லுங்கள். தெரிந்த பயணி கொடுக்கும் பையையோ உறையையோ சுங்கச் சோதனைக்கு முன் கையில் வாங்கவே வேண்டாம்.

சீல் 2 ஆண்டு செல்லும். தொடர வேண்டுமானால் முடிய 30 நாட்களுக்கு முன்பே புதிய விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அது முதல்முறை போலவே முழு விண்ணப்பம். வேலை அனுமதி அட்டை நடுவில் காலாவதியாகும் என்றால் அதைப் புதுப்பிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். பெயர் மாறினாலோ வேலையின் தன்மை மாறினாலோ உடனே நிறுவனம் மூலம் தெரிவியுங்கள். தடைப்பட்டியலில் உள்ள குற்றத்தில் தண்டனை பெற்றால் 24 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திடம் சொல்லிப் பேட்ஜை ஒப்படைக்க வேண்டும். தொலைந்தால் போர்ட் டைரக்டருக்கு எழுத்தில் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். மாற்றுச் சீல் வரும்வரை தற்காலிகச் சீல் தர அவருக்கு அதிகாரம் உண்டு, அது 60 நாள் செல்லும்.

நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்திலும் சீல் உள்ள ஊழியர்களின் பட்டியலை, சேர்ந்தவர் விலகியவர் விவரத்தோடு சுங்கத்துக்குத் தர வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். விலகியவர் பெயர் பட்டியலில் தங்கிவிட்டால் கேள்வி நிறுவனத்துக்கு வரும். விதி மீறினால் பாண்டின்படி இழப்பீடும் கேட்பார்கள்.

வேலையை விடும் அன்றே சீல் உள்ள பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சீல் சிபிபியின் சொத்து. வேறு நிறுவனத்துக்கோ வேறு விமான நிலையத்துக்கோ போனால் பழைய சீல் உங்களோடு வராது, 3078இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்போது பழைய விண்ணப்பத்தின் நகல் கையில் இருந்தால் தேதிகளும் பெயர்களும் முன்பு எழுதியது போலவே இருக்கும்.