மருந்து ஆய்வில் பிள்ளை இருக்கும்போது வீட்டில் செய்யும் தவறுகள்

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, புது மருந்துக் கூட்டு ஆய்வில் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்டதும், டர்பன் சாட்ஸ்வொர்த் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?" பயம் நியாயமானதுதான். ஆனால் விசாரிக்காமலே மறுத்துவிடாதீர்கள். வழக்கமான சிகிச்சை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு அதோடு புது மருந்தும் சேரும். 2024 கடைசியில் வெளியான ஓர் ஆய்வில், கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்கிற புது மருந்தும் பெற்ற பிள்ளைகளில் சுமார் 96 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 88.

எனக்கு அதைவிடக் கவலை, டாக்டருக்குச் சொல்லாமல் கொடுப்பதுதான். பாட்டியின் கஷாயம், "தெம்புக்கு" என்று கடையில் வாங்கிய விட்டமின். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்கிற மருந்து, செல் பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தைப் பயன்படவிடாமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது, நீங்கள் கொடுக்கும் விட்டமினில் அதே ஃபோலிக் அமிலம் இருக்கலாம். 1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் வேகமெடுப்பதைப் பார்த்த பிறகுதான் அதற்கு எதிரான மருந்தைத் தேடினார். சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு தயாரித்த அமினோப்டெரின் என்கிற அப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்ததும் சில பிள்ளைகளுக்கு நோய் தணிந்தது, ஆனால் சில மாதத்தில் திரும்பிவிட்டது. ஒரு மருந்துக்குத் தப்பும் செல் நான்கு மருந்துக்கும் தப்புவது கஷ்டம், கூட்டு மருந்து வந்தது அதனால்தான். (டாக்டரே நேரம் குறித்துக் கொடுக்கும் ஃபோலினிக் அமிலம் வேறு, அதை விடக் கூடாது.) கஷாயத்தை மறைத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: ஈரல் கெட்டால் பழி புது மருந்துமேல் விழும், அடுத்த பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகலாம்.

மாத்திரை விட்டுப்போனாலும் அப்படித்தான், "கொடுத்தோம்" என்று பொய் சொல்லாதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள். ஒரு மாதத்திலேயே ரத்தம் சுத்தமாகத் தெரியும், அதைப் பார்த்து நிறுத்திவிடவும் கூடாது. முழுச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும்.

புரிகிற வயதுப் பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும், தென்னாப்பிரிக்கச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்து மட்டும் போதாது. ஆங்கிலம் புரியாத பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவருக்கும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.

அப்புறம் காய்ச்சல். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் 38 டிகிரி வந்தால், பனடோ (பாராசிட்டமால் மாத்திரை) கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். மாத்திரை சூட்டை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. கோயில் திருவிழா நடுவில் இருந்தாலும் சரி, நடுராத்திரி ஆனாலும் சரி, வார்டுக்குப் போன் போட்டுக்கொண்டே காரை எடுங்கள்.