பழைய பாப் பாட்டை புராக்ரசிவ் ராக் பாணிக்கு மாற்றுவது எப்படி?

புராக்ரசிவ் ராக், சுருக்கமாகப் புராக், என்பது நீண்ட பாட்டுகளும் சிக்கலான தாளங்களும் கொண்ட ராக் வகை. மூன்று நிமிடப் பாட்டைப் பத்து நிமிடத்துக்கு இழுத்தால் அது புராக் கவர் (பிறர் பாட்டை நம் பாணியில் வாசிப்பது) ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. இழுப்பது யாருக்கும் வரும். கேட்பவர் எழுந்து போகாமல் இழுப்பதுதான் வேலை. அதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: பாடுபவரின் மெட்டில் கை வைக்காதீர்கள், அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகக் கை வையுங்கள்.

கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், கீபோர்டு, ஒரு மெட்ரோனோம் (தாள வேகத்தை டிக் டிக் என்று காட்டும்) ஆப் போதும். பழைய கீபோர்டு வாத்தியங்களான ஹேமண்ட் ஆர்கன், மெல்லோட்ரான் ஒலிகள் இலவச மென்பொருள்களிலேயே கிடைக்கின்றன.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

வாத்தியம் எதுவும் இல்லாமல் வாயால் பாடிப் பாருங்கள். வெறும் குரலிலேயே பாட்டு நிற்கிறதா? அப்படியானால் எடுத்துக்கொள்ளலாம். ரெக்கார்டிங்கின் பளபளப்பை நம்பி நிற்கும் பாட்டு உங்கள் கைக்கு வந்ததும் படுத்துவிடும்.

படி 2: உள்ளது உள்ளபடி வாசிப்பது

இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசைதான், போகாதீர்கள். புராக் கலைஞர்களான நீல் மோர்ஸ், மைக் போர்ட்னாய், ராண்டி ஜார்ஜ் மூவரும் 2006-இல் பிறர் பாட்டுகளை வைத்து 'கவர் டு கவர்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். சிக்கலான தாளங்களுக்குப் பேர்போன அவர்களே அதில் பெரும்பாலும் மூலப் பாட்டை ஒட்டித்தான் வாசித்திருக்கிறார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதை நகர்த்துவது என்று தெரியும்?

படி 3: வேகத்தைப் பாதியாக்குவது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உடனே பலன் தரும் படி இது. சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் பாப் குழுவின் 'யூ கீப் மீ ஹேங்கின் ஆன்' 1966-இல் வந்தது. தந்தி அடிப்பது போன்ற கிட்டாரோடு தொடங்கி விறுவிறுவென்று ஓடும், நடனமாடத் தோன்றும். அடுத்த வருடமே நியூயார்க்கைச் சேர்ந்த வனிலா ஃபட்ஜ் ராக் குழுவினர் அதை எடுத்து, நடையைத் தளர்த்தி, ஆர்கனைப் பரப்பி, ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். வரிகளில் பெரிய மாற்றமில்லை. ஆனால் 'என்னை விட்டுவிடேன்' என்ற மன்றாடல் இங்கேதான் உண்மையில் காதில் விழுகிறது.

செய்வது இப்படி. ட்ரம்ஸில் பளிச்சென்று ஒலிக்கும் ஸ்னேரின் அடி, நான்கு எண்ணிக்கையில் வழக்கமாக 2, 4-இல் விழும். அதை விட்டுவிட்டு 3-இல் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மெட்ரோனோமையும் கொஞ்சம் இறக்குங்கள். வரிகளுக்கு நடுவே இப்போது பெரிய இடைவெளி விழும். ட்ரம்மருக்கும் ஆர்கன்காரருக்கும் அதுதான் இடம். கிட்டார்காரரையும் அதே இடத்தில் விட்டால் சந்தைக்கடை ஆகிவிடும்.

படி 4: எண்ணிக்கையை மாற்றுவது

சைமன் - கார்ஃபங்கல் பாட்டு ஜோடியின் 'அமெரிக்கா' (1968) மும்மூன்றாக எண்ணும் நடையில் மெதுவாக அசையும். யெஸ் என்ற புராக் குழு 1972-இல் அதை நான்கு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தது. மூன்றரை நிமிடப் பாட்டு பத்தரை நிமிடம் ஆனது.

நான்கு எண்ணிக்கைப் பாட்டை ஏழுக்கு மாற்ற ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பிரித்து எட்டாக எண்ணுங்கள். வரியின் கடைசியில் பாடகர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடம் இருக்கும். அந்த நீட்டலில் ஒன்றைக் குறையுங்கள். மெட்டில் ஒரு ஸ்வரமும் போகவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏழாகிவிட்டது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவைக் கையில் போட்டுப் பழகியவர்களுக்கு இது விளையாட்டு. ஆனால் ஒரு சரணத்தில் மட்டும் செய்யுங்கள். பாட்டு முழுக்கச் செய்தால் பரீட்சை எழுதுவது போல இருக்கும்.

படி 5: பேஸை ஒரே ஸ்வரத்தில் நிறுத்துவது

கீபோர்டில் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறட்டும், பேஸ் மட்டும் சி-யிலேயே நிற்கட்டும். ஜெனிசிஸ் என்ற புராக் குழுவின் பாடல்களில் இது அடிக்கடி கேட்கும். சாதாரண கார்டுகளுக்கும் ஒரு இறுக்கம் வந்துவிடும்.

படி 6: முன்னிசையும் இடையிசையும்

பெரும்பாலான புதுக் குழுக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சோலோவைக் கொண்டுவந்து நடுவில் செருகுகிறார்கள்.

யெஸ் 1969-இல் தங்கள் முதல் ஆல்பத்தில் பீட்டில்ஸின் 'எவ்ரி லிட்டில் திங்' பாட்டைச் செய்தார்கள். மூலம் இரண்டே நிமிடம். இவர்களுடையது ஐந்து நிமிடத்துக்கு மேல். குரல் வருவதற்கு முன்பே வாத்தியங்கள் ஒரு பெரிய ஓட்டம் ஓடி முடிக்கின்றன. போகிற போக்கில் கிட்டாரிஸ்ட் பீட்டர் பேங்க்ஸ் 'டே ட்ரிப்பர்' என்ற இன்னொரு பீட்டில்ஸ் பாட்டின் கிட்டார் வரியையும் எடுத்து விடுகிறார். தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நீங்கள் பல்லவியிலிருந்து நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் எடுங்கள். பேஸில் மெதுவாக வாசியுங்கள். பிறகு கீபோர்டில் வேறு சுருதியில், பிறகு இரட்டை வேகத்தில் கிட்டாரில். இடையிசை தயார். அதன் முடிவில் சட்டென்று எல்லாவற்றையும் நிறுத்தி, குரலையும் ஒரே ஒரு வாத்தியத்தையும் மட்டும் விடுங்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. போர்க்குபைன் ட்ரீ என்ற புராக் குழுவின் ஸ்டீவன் வில்சன் 2003-இல் பாப் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 'தேங்க் யூ' பாட்டை எடுத்தபோது எதையும் கூட்டவில்லை, குறைத்தார். எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் அதற்கு நல்ல பாடகர் வேண்டும்!

படி 7: வெட்டுவது

ஒத்திகையை மொபைலில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாக மொபைலை ஓட்டிவிடப் போகிறதோ, அந்த இடத்தை வெட்டுங்கள். யெஸ்ஸின் பத்தரை நிமிட 'அமெரிக்கா'வே சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) வந்தபோது நான்கு நிமிடச் சொச்சமாகத்தான் வந்தது. நீங்களும் நீளமானது ஒன்று, குறுக்கியது ஒன்று என இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி விழாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மேடை தரமாட்டார்கள்.