ஸ்க்ரூ தலை சிதைவது ஏன்? பிட் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்ரூ தலை வழுக்கிப்போனால் பழி ஸ்க்ரூவின் மேல்தான் விழும். பெரும்பாலும் கோளாறு, மெஷினில் மாட்டி ஸ்க்ரூவைத் திருகும் முனையான பிட்டில் இருக்கும். டிரில் மெஷினோடு வந்த ஒற்றை பிட்டை வைத்துக் கதவுக் கீல் முதல் மொட்டைமாடி ஷீட் வரை எல்லாவற்றையும் முடுக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு.

கடையில் 'ஸ்டார் பிட்' என்று மட்டும் கேட்டால் அநேகமாக பிஎச் 2 (பிலிப்ஸ் வகை, 2ஆம் அளவு) கிடைக்கும். மரத்தில் போடும் 6 முதல் 10 நம்பர் வரையிலான கூட்டல் குறி ஸ்க்ரூவுக்கு அது சரி. அதைவிடச் சின்ன ஸ்க்ரூவுக்கு பிஎச் 1, பெரியதற்கு பிஎச் 3. குழப்பம் வருவது மாடுலர் கிச்சன் அலமாரியில். அங்குள்ள கீல் ஸ்க்ரூக்கள் பல பிஇசட் 2 (போசிடிரைவ்) வகை. தலையில் கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது பிஇசட். பிட்டிலும் அதே இடத்தில் சின்ன வரம்புகள் இருக்கும். பிஎச் பிட்டை அதில் போட்டால் ஆடும். பிஇசட் பிட்டை பிஎச் ஸ்க்ரூவில் போட்டால் அடிவரை இறங்காது. இரண்டிலும் சேதம் ஸ்க்ரூவுக்குத்தான்.

சந்தேகமாக இருந்தால், காந்தம் இல்லாத பிட்டில் ஸ்க்ரூவைச் செருகிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். கையை எடுத்தும் ஆடாமல் நின்றால் அளவு சரி. உடனே தொங்கினால் அடுத்த அளவைப் பாருங்கள்.

பிட் தேயும் பொருள். இதை ஏற்க நமக்கு மனம் வருவதில்லை. பிட்டிலுள்ள கூட்டல் குறிக் கைகளின் ஓரம் மழுங்கிப் பளபளத்தாலோ முனை உடைந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். தேய்ந்த பிட் ஒன்று நல்ல ஸ்க்ரூக்களை வரிசையாகக் கெடுக்கும். பத்து விதம் அடங்கிய பெட்டியைவிட, எஸ்2 ஸ்டீலில் செய்த பிஎச் 2 பிட் மட்டும் பத்து வாங்குவதே புத்திசாலித்தனம். சுற்றும்போதே தட்டித் தட்டி முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் வைத்திருந்தால், நடுவில் இடுப்புபோல் ஒடுங்கிய இம்பாக்ட் பிட்டே வேண்டும். சாதாரண பிட் அந்த அடிக்கு முறிந்துவிடும். 25 மி.மீ. குட்டை பிட்டை டிரில் சக்கில் (மெஷினின் கவ்வும் வாயில்) நேராக மாட்டாதீர்கள். பிடிமானம் போதாது, ஹோல்டர் போடுங்கள்.

வேகமும் ஒரு வில்லன். ஸ்க்ரூவுக்கு 1ஆம் கியர்; கிளட்சை (முறுக்கு அளவு மீறினால் நழுவவிடும் எண் வளையத்தை) சின்ன எண்ணில் தொடங்கி, போதாதபோது மட்டும் கூட்டுங்கள். டிரில் குறியில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது. மெஷினை ஸ்க்ரூவுக்கு நேர்கோட்டில் பிடித்து உடம்பு எடையைக் கொஞ்சம் கொடுங்கள். பிட் துள்ளும் சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிடுங்கள்.

அயினி, தேக்கு, பழைய பலாப் பலகை என்றால் ஓட்டை போடாமல் ஸ்க்ரூ ஏற்றவே கூடாது. 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. ஓட்டை போதும். மரைக்குச் சோப்பு தடவும் பழக்கம் நம் குமரிக் கடலோர உப்புக்காற்றுக்கு ஆகாது. சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டும். மெழுகு தேய்ப்பதே நல்லது.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோரங்களில் ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூவை வெளியே போடாதீர்கள். 316 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ நல்லது. ஆனால் காந்த ஹோல்டர் அதைப் பிடிக்காது, கையால் பிடித்துத்தான் தொடங்க வேண்டும். அந்த ஸ்டீல் மென்மையானது, பிட் வழுக்கினால் தலை சீக்கிரம் சிதையும். அதனால் புது பிட், குறைந்த வேகம்.

ஷீட் கூரைக்கான அறுகோணத் தலை ஸ்க்ரூவுக்கு 8 மி.மீ. நட் செட்டர் (தலையை உள்வாங்கிப் பிடிக்கும் குழிவான பிட்) வேண்டும். அதன் உள்ளிருக்கும் காந்தத்தில், துளை விழும்போது தெறிக்கும் இரும்புத்தூள் அப்பிக்கொள்ளும். தூள் அடுக்கானால் தலை முழுதாக உள்ளே போகாது. நுனியில் மட்டும் பிடித்துச் சுற்றி மூலைகள் உருண்டுவிடும். அவ்வப்போது ஒரு ஆணியால் சுரண்டி வெளியே தட்டுங்கள். ஷீட் மேல் விழுந்த தூளையும் அன்றே பெருக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் துருக்கறை படியும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். பிதுங்கி வெளியே வரும்வரை முடுக்கிய இடத்தில்தான் மழைக்காலத்தில் ஒழுகும். நமக்கோ வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்.

டி.பி. பாக்ஸில் (வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில்) எம்.சி.பி. எனும் தானியங்கி சுவிட்சுகளின் முனைகளை மெஷினால் முடுக்க வேண்டாம். அதிகமானால் மரை போய்விடும், குறைந்தால் சூடேறும். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்தபின், 1000 வோல்ட் குறியுள்ள இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவரால் கையாலேயே செய்யுங்கள்.

துருப்பிடித்த பழைய ஸ்க்ரூவைக் கழற்றும்போது அவசரம்தான் எதிரி. தலைப்பள்ளத்தில் அடைத்திருக்கும் பெயின்ட்டையும் துருவையும் ஊசியால் முதலில் தோண்டி எடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் பொறுங்கள். புது பிட்டைக் கை ஸ்க்ரூ டிரைவரில் மாட்டி, அதன் பின்பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் பிட் அடிவரை உட்காரும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். அதற்கும் வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப் துண்டை நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். அதுவும் தோற்றால் தலையை டிரில் செய்து எடுத்துவிட்டு, மிஞ்சும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகி எடுக்கலாம்.