தெற்கு ஆஸ்திரேலியா பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு

குடியேற்ற வரலாறு எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆண்டுக்கணக்குப் பிழை, பெயர்ப் பிழை எல்லோருக்கும் வரும்; விட்டுவிடலாம். நாங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் சுற்றிக்கொண்டிருந்த பழைய தவறுகள் இன்னும் சுற்றுவதுதான் ஆச்சரியம். கீழே மேற்கோள் குறிக்குள் தலைப்பாக வைத்திருப்பவை அந்தத் தவறுகள்தான்.

‘கர்னல் லைட்டின் மெத்தனம்’

அண்மையில் வந்த ஒரு கட்டுரையில், நில அளவைத் தலைவர் வில்லியம் லைட் இழுத்தடித்ததால் குடியேற்றம் திவாலானது என்று ஒரே வரியில் தீர்ப்பு. எரிச்சலோடு சிவப்பு மையால் அடித்தேன்.

தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1834 சட்டப்படி, 35,000 பவுனுக்கு நிலம் விற்று, 20,000 பவுன் பிணையும் கட்டினால்தான் குடியேற்றமே தொடங்க முடியும். அதனால் யாரும் அளக்காத, வாங்குபவர் கண்ணால் காணாத நிலம் லண்டனில் விலைபோனது. 81 பவுன் கொடுத்தால் நகரில் ஒரு ஏக்கர், வெளியே 134 ஏக்கர். எல்லாம் காகிதத்தில்!

லைட் போய்ச் சேர்ந்தது 1836 ஆகஸ்டில். முதல் கப்பல் ஜூலையிலேயே ஆட்களோடு கங்காரு தீவில் வந்து நின்றுவிட்டது. லைட் துறைமுகம் தேடி, அவர் தேர்ந்த இடம் பிடிக்காத ஆளுநர் ஹிண்ட்மார்ஷோடு மல்லுக்கட்டி, 1837 மார்ச்சுக்குள் தலைநகர் அடிலெய்டின் 1,042 ஏக்கர் மனைகளை அளந்துவிட்டார். இதுவா மெத்தனம்?

வெளிநிலத்தை அளக்க ஆள் போதவில்லை. கூடுதல் ஆள் கேட்டுத் துணை அதிகாரி கிங்ஸ்டனை லண்டனுக்கு அனுப்பினார். 1838இல் அவர் கொண்டுவந்தது ஓர் உத்தரவு: அரைகுறையாகவேனும் வேகமாக அளந்து முடி, இல்லையேல் பொறுப்பைக் கிங்ஸ்டனிடம் கொடு. லைட் விலகினார், ஊழியர்களில் பெரும்பாலோரும் அவரோடு வெளியேறினர்.

உழ வந்தவர்கள் நிலமில்லாமல் நகரிலேயே தங்கி, மனைகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு கப்பலில் வர வேண்டியிருந்தது. அடுத்த ஆளுநர் காவ்லர் அளவையையும் கட்டுமானத்தையும் முடுக்கிவிட்டு, செலவுக்கு, லண்டனில் பணம் கொடுக்கச் சொல்லும் உண்டியல்களை (மாற்றுச் சீட்டுகளை) எழுதினார். 1840இல் அவற்றுக்குக் கொடுக்க, லண்டனிலிருந்து குடியேற்றத்தை நடத்திய ஆணையத்திடம் பணம் இல்லை. அளக்கும் முன் விற்றவர்களை விட்டுவிட்டு அளந்தவரைத் திட்டுவது என்ன நியாயம்?

‘முழுக்கத் தனியார் முதல்’

அரசுப் பணமே இல்லாமல் நடந்தது என்பார்கள். ஆணையத்தால் கொடுக்க முடியாத அந்தக் கடனுக்குக் கடைசியில் கைகொடுத்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றம்.

‘நிறுவனர் வேக்ஃபீல்ட்’

நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் ஆட்களைக் குடியேற்றும் யோசனை எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டுடையது. நில விலை மலிவு என்று சண்டையிட்டு, கப்பல் கிளம்பும் முன்பே ஒதுங்கிவிட்டார்.

‘வெற்று நிலம்’

அடிலெய்டு சமவெளி கௌர்னா மக்களுடையது. பூர்வகுடிகளின் நில உரிமையை ஒப்புக்கொண்ட அரச ஆவணம் 1836 பிப்ரவரியில் வந்தது. லண்டன் விற்பனை அதற்கு முன்பே முடிந்திருந்தது. இதை அடிக்குறிப்பில் தள்ளி அனுப்பினால் கட்டுரையைத் திருப்பி அனுப்புவேன்.