மாங்காய் மண்டிக் கணக்குக்கு ஒரே ஒரு கோப்பு: நோட்.ஜேஎஸ்ஸில் எஸ்க்யூலைட்

கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கியதும், மண்டிக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் விவசாயி பெயர், ரகம், எடை, விலை ஆகியவற்றைக் கணினியில் பதிய விரும்புவோர் தனியாக சர்வர் நிறுவ வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம், நம் நிரலுக்குள்ளேயே இயங்கி, தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அதைக் கையாள 'பெட்டர் எஸ்க்யூலைட்3' என்னும் சிறிய நூலகம் போதும்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவி இல்லாமல் இயக்கும் நோட்.ஜேஎஸ் உள்ள கணினியில் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளையால் நூலகத்தைச் சேர்த்து, 'நியூ டேட்டாபேஸ்' என்பதற்குக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அப்பெயரில் கோப்பு இல்லையென்றால் புதிதாக உருவாகிவிடும். அடுத்த வரியிலேயே, தரவுத்தள அமைப்புகளை மாற்றும் 'பிராக்மா' வழியாக ஜர்னல் முறையை 'வால்' (WAL) என மாற்றிவிடுங்கள்; மாற்றங்களை முதலில் ஒரு துணைக் கோப்பில் எழுதும் முறை இது. ஒரு நிரல் சீட்டைப் பதியும்போதே மற்றொன்று கணக்கைப் படிக்க இது இடம் தரும்.

பிறகு 'எக்ஸெக்' கொண்டு வண்டி, சரக்கு என இரண்டு அட்டவணைகளை உருவாக்குங்கள். விலையைத் தசமப் புள்ளியுடன் வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைப்பதே என் பரிந்துரை. தசம எண்களைக் கூட்டும்போது வரும் நுண்ணிய பிழை, விவசாயியின் பட்டியலில் தெரிந்தால் விளக்கம் சொல்லி மாளாது.

பதிவுக்கான கட்டளையை 'பிரிப்பேர்' செய்து, மதிப்பு வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறி இட்டு, உண்மையான மதிப்புகளை 'ரன்' அழைப்பில் கொடுங்கள். பெயரைக் கட்டளைச் சரத்தோடு ஒட்டி எழுதினால், பெயரில் வரும் ஒரு மேற்கோள்குறிகூடக் கட்டளையைக் குலைக்கும். விஷமிகள் நுழையவும் அதுவே வழி. ஒரு வரிசையைப் படிக்க 'கெட்', எல்லாவற்றையும் படிக்க 'ஆல்' உள்ளன. இவை உடனடியாக விடை தருவதால், விடைக்காகக் காத்திருக்கச் சொல்லும் 'அவெயிட்' தேவைப்படாது.

ஒரே வண்டியில் பெங்களூராவும் செந்தூராவும் சேர்ந்து வந்தால், வண்டி விவரமும் இரு ரகங்களின் எடையும் ஒன்றாகப் பதிவாக வேண்டும், இல்லையேல் எதுவுமே பதிவாகக் கூடாது. இதற்குப் பதிவு வேலைகளை ஒரு செயல்கூறாக எழுதி, 'டிரான்சாக்‌ஷன்' என்பதிடம் ஒப்படையுங்கள். அது திருப்பித் தரும் செயல்கூறை அழைத்தால், இடையில் பிழை எழும்போது அதுவரை எழுதியவை அனைத்தும் ரத்தாகும். நாம் எழுதி ஒப்படைக்கும் செயல்கூறு, 'அவெயிட்' இட்டுக் காத்திருக்கக்கூடிய 'அசிங்க்' வகையாக இருக்கக் கூடாது. இருந்தால் முதல் 'அவெயிட்' வந்ததுமே பரிவர்த்தனை முடிந்துவிடும்.

நிரல் இயங்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுக்காதீர்கள். 'வால்' முறையில் அண்மைப் பதிவுகள் பக்கத்திலுள்ள துணைக் கோப்பில் இருக்கலாம். நூலகத்தின் 'பேக்கப்' செயல்கூறு அவற்றையும் சேர்த்தே நகலெடுக்கும். இதற்கு மட்டும் 'அவெயிட்' இட வேண்டும்.